ஜோடியாக வரைந்த பிறகு பேசத் தொடங்கிய ஸ்டோரிபோர்டு

அக்கா, தம்பி, ஒரு சாவி. வசனம் இல்லாத ஒன்றரை நிமிடக் காட்சி. அதன் அனிமேட்டிக்கை, அதாவது வரைந்த படங்களை நேரக் கணக்கோடு அடுக்கி ஓடவிட்ட வீடியோவை, சத்தம் இல்லாமல் போட்டுக் காட்டினால், பார்ப்பவர் என் விளக்கம் எதுவும் இல்லாமல் இப்போது கதையைத் திருப்பிச் சொல்லிவிடுகிறார். சாவியை ஒளித்தது தம்பி. அது அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று தம்பிக்குத் தெரியாது. இந்த மூன்றாவது விஷயம் ஒருவர் வாயிலிருந்து தானாக வருவதற்குத்தான் இவ்வளவு வேலையும். வந்துவிட்டதால், எப்படி வந்தது என்பதை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

நான் அனிமேஷன் படிக்கிறேன். வகுப்பு வேலைகளுக்கு வெளியே எனக்கென்று இரண்டு பழக்கங்கள் உண்டு. ஒன்று, முப்பது விநாடி, ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று நேரம் வைத்துக்கொண்டு மனிதர்களை வேகமாக வரைவது. இன்னொன்று, சின்னக் காட்சிகளுக்கு ஸ்டோரிபோர்டு போட்டுப் பார்ப்பது, அதாவது காட்சியை ஷாட் ஷாட்டாகச் சின்னக் கட்டங்களில் வரைவது. முதல் பழக்கத்தில் கை நன்றாக வளர்ந்தது. உடல்களுக்கு எடை வந்தது, அசைவு வந்தது. ஸ்டோரிபோர்டு மட்டும் அப்படியே தேங்கி நின்றது. அந்தக் கட்டங்களை, அதாவது பேனல்களை, தனித்தனியாகப் பார்த்தால் பரவாயில்லை என்று இருக்கும். வரிசையாகப் பார்த்தால் யார் எங்கே நிற்கிறார், யாரைப் பார்க்கிறார், ஏன் திரும்பினார் என்று எதுவும் பிடிபடாது.

ரொம்ப நாள் இதற்கு மருந்து இன்னும் நிறைய வரைவதுதான் என்று நினைத்தேன். உடற்கூறு பார்த்தேன், கைகளை மட்டும் பக்கம் பக்கமாக வரைந்தேன். கைகள் நன்றாக வந்தன, ஸ்டோரிபோர்டு மாறவில்லை. ஸ்கெட்ச்புக் முழுக்க நான் பழகியது ஒற்றைப் படம். ஸ்டோரிபோர்டு கேட்பதோ ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் நடப்பதை. அந்த நடுப்பகுதியை நான் எங்கேயும் பயிற்சி செய்யவே இல்லை. அதனால் எல்லாப் பயிற்சியையும் ஜோடியாக மாற்றினேன்.

முதலில் தாள். அதுவரை ஏ4 தாளைப் படுக்கையாக வைத்து 80 × 45 மி.மீ. பேனல்கள் ஒன்பது போட்டு வரைந்துகொண்டிருந்தேன். அந்த அளவு இருந்தால் கண், விரல், சட்டைப் பொத்தான் எல்லாவற்றுக்கும் இடம் கிடைத்துவிடுகிறது; கை அங்கேயே போய் நின்றுவிடுகிறது. புதிய தாளில் பேனல் 48 × 27 மி.மீ. இதுவும் 16:9 தான். இரண்டிரண்டாக, நடுவில் 6 மி.மீ. இடைவெளி விட்டு, ஒரு தாளில் பத்து ஜோடி. பென்சிலும் மாறியது: கூர் சீவாத 4பி. அதன் மழுங்கிய முனையால் 48 மி.மீ. அகலத்துக்குள் ஒரு முகத்தில் புருவத்தை வரைய முடியாது. தலை எந்தப் பக்கம் சாய்கிறது, முதுகு எப்படி வளைகிறது என்பதை மட்டும்தான் வரைய முடியும். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

வேக வரைதலையும் இந்தத் தாளுக்கே கொண்டுவந்தேன். இடது பேனலில் கண் முன் இருக்கிற ஆள், முப்பது விநாடி. வலது பேனலில் அவர் அடுத்துச் செய்யப்போவது, இன்னொரு முப்பது விநாடி, பார்க்காமல், ஊகத்தில். பிறகு அவர் நிஜமாக என்ன செய்கிறார் என்று காத்திருந்து பார்ப்பேன். இந்தக் காத்திருப்பில் கற்றுக்கொண்டது ஏராளம். உட்கார்ந்திருப்பவர் எழுவார் என்று ஊகித்தால் நான் உடனே நின்ற நிலையை வரைந்துவிடுவேன். உண்மையில் அவர் முதலில் பாதங்களை நாற்காலிப் பக்கம் இழுக்கிறார். உடல் முன்னால் சாய்கிறது. மூக்கு கால்விரல்களுக்கு நேர் மேலே வந்த பிறகுதான் இடுப்பு நாற்காலியை விட்டுக் கிளம்புகிறது. அந்த முன்சாய்வை வரைந்தால் போதும், 'எழுகிறார்' என்று யாருக்கும் புரியும். நின்ற நிலையை வரைந்தால் 'நிற்கிறார்' என்பது மட்டும்தான் புரியும். பையை எடுப்பது, கதவைத் தள்ளுவது, ஒருவர் கூப்பிட்டுத் திரும்புவது என்று எதை எடுத்தாலும் இப்படி ஒரு முன்நிலை இருக்கிறது. திரும்புவதில் பெரும்பாலும் கண் முதலில் போகிறது, தலை அதைத் தொடர்கிறது, தோள் கடைசியாக வருகிறது.

ஜோடியைப் புரட்டிப் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் வந்தது. அதற்கு இரண்டு படமும் தனித்தனித் தாளில் இருந்து, தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று அசையாமல் உட்கார வேண்டும். அனிமேஷன் தாளுக்கென்று இருக்கிற பெக் பாரில், அதாவது தாளை மாட்டி வைக்கும் பட்டையில், நடுவில் ஒரு வட்ட முளையும் இரு பக்கமும் இரண்டு பட்டை முளைகளும் இருக்கும். அதற்கு அதே வகைத் துளை போட்ட தாள் வேண்டும். தினசரிப் பயிற்சிக்கு அவ்வளவு தேவையில்லை என்று தாளில் துளை போடும் சாதாரண ஆபீஸ் பஞ்ச் ஒன்றையே எடுத்துக்கொண்டேன். என் பஞ்ச் போடும் துளை 6 மி.மீ., இரண்டு துளைகளுக்கும் மையத்துக்கு மையம் 80 மி.மீ. 10 மி.மீ. தடிமன் ப்ளைவுட்டில் அதே இடைவெளியில் இரண்டு துளை போட்டு, 6 மி.மீ. மரக்குச்சித் துண்டுகளை ஒட்டினேன். முளை பலகைக்கு மேலே 5 மி.மீ. நிற்கிறது. முதலில் குச்சியை அப்படியே ஒட்டியதில் தாளின் துளை ஓரம் கிழிந்தது; உப்புத்தாளால் தலையை லேசாக உருட்டிவிட்டதும் சரியாகிவிட்டது. துளை போடும்போது தாளின் ஓரத்தை எப்போதும் பஞ்சின் ஒரே அளவுக்கட்டையில் முட்ட வைக்க வேண்டும். இல்லாவிட்டால் தாளுக்குத் தாள் ஒரு மி.மீ. தள்ளிப்போகும், புரட்டும்போது ஆள் நடுங்குவார்.

அடுத்தது படங்களைப் பார்த்துப் படிப்பது. பிடித்த காட்சியை நிறுத்தி நிறுத்தி, மிக அழகான ஃப்ரேமை வரைந்து வைப்பதுதான் என் பழைய வழக்கம். அந்தப் பக்கங்கள் இப்போதும் பார்க்க அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் அந்த ஃப்ரேமுக்கு அந்த அழகைக் கொடுத்த முந்தைய ஷாட் எது என்று அவற்றைப் பார்த்துச் சொல்ல முடியாது.

புதிய முறை இதுதான். இரண்டு பேர் ஓர் அறைக்குள் இருக்கிற, பெரிய ஓட்டம் சாட்டம் இல்லாத காட்சியாக ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறேன். சத்தத்தை முழுக்க நிறுத்திவிடுகிறேன். ஒவ்வொரு முறை கட் ஆகும்போதும், வெளியே போகிற ஷாட்டின் கடைசி ஃப்ரேம் இடது பேனலில், உள்ளே வருகிற ஷாட்டின் முதல் ஃப்ரேம் வலது பேனலில். சரியான ஃப்ரேமைப் பிடிக்க எம்பிவி பிளேயர் வசதியாக இருக்கிறது. முற்றுப்புள்ளி விசை ஒரு ஃப்ரேம் முன்னே நகர்த்தும், காற்புள்ளி விசை ஒரு ஃப்ரேம் பின்னே இழுக்கும். படம் 2.39:1 விகிதத்தில் இருந்தால் பேனலின் உயரத்தை 20 மி.மீ. ஆகக் குறைத்துக்கொள்கிறேன், அகலம் அதே 48. வரைந்து முடித்ததும் இரண்டு பேனலிலும் என் கண் எங்கே நிற்கிறதோ அங்கே சிவப்புப் புள்ளி. கீழே ஷாட்டின் நீளம், விநாடியும் ஃப்ரேமுமாக.

சிவப்புப் புள்ளிகளை வைத்துப் பார்த்த பிறகு எனக்குப் படத்தொகுப்பு வேறு மாதிரி தெரிகிறது. அமைதியாக ஓடுகிற காட்சிகளில் இடது புள்ளியும் வலது புள்ளியும் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்தில் விழுகின்றன. பார்ப்பவரின் கண் தேட வேண்டியதே இல்லை. திடுக்கிட வைக்கிற இடத்தில் புள்ளி திரையின் மறு ஓரத்துக்குத் தாவுகிறது. கண் அங்கே போய்ச் சேர ஆகும் அந்தச் சிறு நேரம்தான் அதிர்ச்சியின் ஒரு பகுதி. இன்னொன்று, ஒருவர் நகர்ந்துகொண்டிருக்கும்போது நடுவில் கட் ஆனால் கட் நடந்ததே தெரிவதில்லை. அசைவு முடிந்து ஆள் நின்ற பிறகு கட் ஆனால், அது முற்றுப்புள்ளி போட்ட மாதிரி காட்சியை நிறுத்திவிடுகிறது. என் பழைய ஸ்டோரிபோர்டுகளை எடுத்துப் பார்த்தேன். எல்லாமே நின்ற பிறகுதான்.

இனி சொந்தக் காட்சி. ஒரு மேசை, ஓர் அலமாரி, ஒரு ஜன்னல், ஒரு கதவு இருக்கிற 4 மீட்டருக்கு 3 மீட்டர் அறை. தம்பி சாவியை மேசைக்கு அடியில் ஒளிக்கிறான். அக்கா வந்து தேடுகிறாள். ஒரு கட்டத்தில் பார்த்துவிடுகிறாள். பார்த்ததைக் காட்டிக்கொள்ளாமல் வேறு இடத்தில் தேடுவது போலத் தொடர்கிறாள்.

நேராகப் பேனலில் இறங்கியபோது பழைய குழப்பமே வந்தது. எனவே முதலில் தரைப்படம் போட்டேன்: 1 செ.மீ.க்கு 50 செ.மீ. என்ற கணக்கில், அறை 8 × 6 செ.மீ. கட்டம். ஆட்களுக்கு இரண்டு நிற ஊசிகள், கேமராவுக்குச் சின்ன முக்கோணம். இதோடு நின்றிருந்தால் பாதிப் பயன்தான். பெரிய மாற்றம் தந்தது கோணத் துண்டுகள். தெளிவான பிளாஸ்டிக் ஷீட்டில் மூன்று ஆப்பு வடிவங்களை வெட்டினேன்: 54 டிகிரி, 40 டிகிரி, 24 டிகிரி. 36 மி.மீ. அகல சென்சாரில் 35 மி.மீ., 50 மி.மீ., 85 மி.மீ. லென்ஸ்கள் அகலவாக்கில் பார்க்கும் கோணங்கள் ஏறத்தாழ இவை. துண்டின் கூர்முனையைக் கேமரா இருக்கிற இடத்தில் வைத்தால் உள்ளே விழுவதெல்லாம் பேனலில் இருக்கும், வெளியே இருப்பது இருக்காது. அவ்வளவுதான். தம்பிக்குப் பின்னால் அலமாரி தெரியுமா தெரியாதா என்று இனிமேல் நான் ஊகிக்க வேண்டியதில்லை. மனக்கண்ணில் பிரமாதமாக இருந்த ஒரு ஷாட்டுக்குக் கேமரா சுவருக்கு ஒரு மீட்டர் வெளியே போக வேண்டும் என்பதும் இதில்தான் தெரிந்தது. அனிமேஷனில் சுவரை எடுத்துவிடலாம்தான்; ஆனால் அறை சின்னது என்ற உணர்வு கதைக்குத் தேவையாக இருந்தது, அதனால் அந்த ஷாட்டை விட்டுவிட்டேன்.

தரைப்படத்தில் இருவரையும் இணைத்து ஒரு கோடு. கேமரா அந்தக் கோட்டுக்கு ஒரே பக்கத்தில் இருக்கிற வரை அக்கா வலப்பக்கம் பார்ப்பாள், தம்பி இடப்பக்கம் பார்ப்பான். இதை வகுப்பில் எல்லோரும் படித்திருப்போம். சிக்கல் அக்கா நடக்கத் தொடங்கியதும் வருகிறது: அவள் அலமாரிக்குப் போனால் கோடும் அவளோடு திரும்பிவிடுகிறது. என் முதல் வரிசையில் அந்த நடையைக் காட்டாமல் விட்டிருந்தேன். அடுத்த ஷாட்டில் இருவரும் ஒரே பக்கம் பார்ப்பது போல் வந்தது. ஒரே ஒரு வைட் ஷாட்டில் அவள் அறையைக் கடப்பதைச் சேர்த்ததும் பிரச்சினை தீர்ந்தது. கோடு நம் கண் முன்னாலேயே திரும்புகிறது, யாரும் தொலைந்துபோவதில்லை.

அப்புறம் அடிவானக் கோடு. கேமராவைத் தம்பியின் கண் உயரத்தில், 115 செ.மீ.யில் வைத்தேன். கேமரா சாயாமல் நேராகப் பார்க்கிற வரை அடிவானக் கோடு அவன் கண் வழியே போகும். 150 செ.மீ. உயரமுள்ள அக்காவை அது மார்பில் வெட்டும். சமதரையில் அவள் கிட்டே நின்றாலும் தூரத்தில் நின்றாலும் அதே இடத்தில்தான் வெட்டும். பேனலில் வெளிர்நீலப் பென்சிலால் அந்தக் கோட்டை முதலில் இழுத்துவிட்டு, ஆட்களை அதில் தொங்கவிட்டேன். பாதம் எங்கே வரும் என்ற கவலை போய்விட்டது. இந்த ஒரு பழக்கம் என் பேனல்களை ஒரே இரவில் வேறு கை வரைந்ததாக ஆக்கிவிட்டது என்றே சொல்வேன்.

இவ்வளவுக்குப் பிறகும் முதல் முறை பார்த்தவர், 'தம்பி சாவியைத் தொலைத்துவிட்டான்' என்றார். பேனல்களுக்குத் திரும்பி, ஆட்களின் உருவத்தை முழுக்கக் கருப்பாக நிரப்பிப் பார்த்தேன். ஒளிக்கும் ஷாட்டில் கை உடலுக்குள்ளேயே மறைந்திருந்தது. கருப்பாக்கியதும் ஒரு கட்டி மட்டும் இருந்தது. சாவியின் அளவும் கைகொடுக்கவில்லை. 3 மீட்டர் அகலத்தை 48 மி.மீ.க்குள் காட்டுகிற வைட் ஷாட்டில் 6 செ.மீ. சாவி ஒரு மி.மீ. கூட வராது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே தீர்வாகச் சாவியில் 30 செ.மீ. ரிப்பன் கட்டினேன். அதே வைட் ஷாட்டில் அது கிட்டத்தட்ட 5 மி.மீ., மழுங்கிய 4பி முனையால் தாராளமாக ஒரு கோடு. கேமராவை மேசையின் மறுபக்கம் கொண்டுபோனதால் தம்பியின் நீட்டிய கை உடலை விட்டு விலகித் தெளிவாகத் தெரிந்தது. ரிப்பனின் நுனி மேசைக்குக் கீழே தொங்குவதுதான் பின்னால் அக்காவின் கண்ணில் படுகிறது. அளவுப் பிரச்சினைக்காகச் சேர்த்த பொருள் கதைக்கே அச்சாணியாகிவிட்டதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

'அவனுக்குத் தெரியாது' என்பதை எப்படிக் காட்டுவது என்பது கடைசி வரை இழுத்தடித்தது. அக்காவின் க்ளோசப், தம்பியின் க்ளோசப் என்று மாற்றி மாற்றி வைத்தபோது, அடுத்தடுத்து வரும் இரண்டு முகங்களும் ஒன்றையொன்று பார்த்துப் பதில் சொல்வது போல இருந்தது. அவனும் அறிந்துவிட்டான் என்றே பட்டது. சிவப்புப் புள்ளிப் பக்கங்களைப் புரட்டியபோது விடை கிடைத்தது: இங்கே கட்டே வேண்டாம். இருவரையும் ஒரே ஃப்ரேமில் வைத்தேன். முன்னால் அக்கா குனிந்து ரிப்பனைப் பார்க்கிறாள். பின்னால் தம்பி முதுகைக் காட்டி ஜன்னல் பக்கம் நிற்கிறான். அவன் பார்க்கவில்லை என்பதைச் சொல்ல அந்த முதுகு போதும். அக்காவுக்கு அடர் சாம்பல், தம்பிக்கு வெளிர் சாம்பல், பின்னணி வெள்ளை. மூன்று டோனுக்கு மேல் போகவில்லை.

ஸ்கேன் 600 டிபிஐயில். 48 மி.மீ. பேனல் அப்போது சுமார் 1,130 பிக்சல் அகலம் வருகிறது, அனிமேட்டிக்குக்கு இது தாராளம். செல்போனில் எடுத்தால் பேனலின் ஓரங்கள் கோணலாகி ஒவ்வொன்றையும் நேராக்க வேண்டியிருக்கிறது, ஸ்கேனரே நல்லது. பிளெண்டர் என்ற அனிமேஷன் மென்பொருளின் வீடியோ எடிட்டரில் விநாடிக்கு 24 ஃப்ரேம் வைத்துப் பேனல்களை அடுக்கினேன். கணினியிலேயே வரைகிறவர்களுக்கு கிரிட்டா என்ற வரையும் மென்பொருளில் ஸ்டோரிபோர்டுக்கென்று தனி டாக்கர் (பக்கப் பலகம்) இருக்கிறது. ஒவ்வொரு பேனலுக்கும் விநாடி, ஃப்ரேம் கொடுத்து அங்கேயே ஓட்டிப் பார்க்கலாம்.

தொண்ணூறு விநாடி என்றால் 2,160 ஃப்ரேம். முதல் அடுக்கல் இரண்டு நிமிடத்தைத் தாண்டியது. எல்லாப் பேனலுக்கும் ஏறக்குறைய ஒரே நீளம் கொடுத்திருந்ததால் எது முக்கியம் என்று தெரியாமல் ஓடியது. தேடும் ஷாட்டுகளை ஒரு விநாடிக்கும் கீழே வெட்டினேன். அக்காவின் கண் ரிப்பனில் படும் பேனலை 10 ஃப்ரேம் வைத்தபோது பார்த்தவர்கள் தவறவிட்டார்கள். 18 ஃப்ரேம் வைத்ததும் பிடித்துக்கொண்டார்கள். அதற்கு அடுத்த பேனல், அவள் நிமிர்ந்து அசையாமல் நிற்பது, இரண்டு முழு விநாடி. சுற்றிலும் வேகமாக ஓடுவதால் அந்த இரண்டு விநாடி மிக நீளமாகத் தெரிகிறது. அங்கேதான் அவள் முடிவெடுக்கிறாள் என்று எல்லோரும் சரியாகச் சொன்னார்கள்.

சோதனைக்கு நான் வைத்துக்கொண்ட விதிமுறை: கதை தெரியாத ஒருவர், ஒரே ஒரு முறை ஓட்டல், 'என்ன நடந்தது?' என்ற ஒரே கேள்வி. 'பிடித்திருக்கிறதா?' என்று கேட்பதில்லை. அவர் பேசும்போது குறுக்கே விளக்குவதும் இல்லை. அவர் சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதி, எந்தப் பேனலில் கதை வழுக்கியது என்று தேடுகிறேன். ஒரு முறை பார்த்தவரிடம் திரும்பக் கேட்டுப் பயனில்லை, அவருக்குத்தான் கதை தெரிந்துவிட்டதே. அதனால் ஆட்களைச் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டும்; சின்னத் திருத்தம் ஒவ்வொன்றுக்கும் ஒருவரைப் பிடிக்காமல், சிலவற்றைச் சேர்த்து வைத்துக் காட்டுவது நல்லது.

அடுத்த முறை மாற்றப்போகிறவையும் உண்டு. சொந்தக் காட்சிக்கு ஏ4 தாளில் ஜோடிகளை அடுக்க மாட்டேன். ஒரு ஷாட்டை இடம் மாற்றக் கத்தரிக்கோல் எடுக்க வேண்டியிருந்தது. ஓர் அட்டைக்கு ஒரு பேனல் என்று வரைந்து சுவரில் குத்தினால் கையாலேயே மாற்றிக்கொள்ளலாம். படங்களைப் படிக்கும் பயிற்சிக்கு மட்டும் பழைய ஜோடித் தாளே போதும். ஒலியையும் முன்கூட்டியே பதிவு செய்வேன். அலமாரிக் கதவு கிறீச்சிடுவதைக் கடைசியில் சேர்த்தபோது, அந்த ஒலி கேட்டும் தம்பி திரும்பாதது பொருந்தவில்லை. இரண்டு பேனலை மறுபடி வரைய வேண்டியதாயிற்று. கோணத் துண்டுகளில் 24 மி.மீ. லென்ஸுக்கும் ஒன்று வெட்ட வேண்டும், சுமார் 74 டிகிரி. சின்ன அறைக்கு அது இல்லாமல் முடியவில்லை.

அடுத்த காட்சியில் மூன்று பேர். மூன்று பேர் என்றால் இணைக்கும் கோடும் மூன்று. யார் யாரைப் பார்த்துப் பேசுகிறார் என்பதைப் பொறுத்து கேமரா ஒவ்வொரு முறையும் வேறு கோட்டை மதிக்க வேண்டும். இப்போதைக்கு, மேசையைச் சுற்றி மூவர் பேசுகிற காட்சிகளாகத் தேடி, கட்டுக்கு முன்பும் பின்பும் வரைந்துகொண்டிருக்கிறேன். ஒவ்வொரு ஜோடிக்கும் பக்கத்தில் இந்த முறை ஒரு சின்னத் தரைப்படமும் சேர்த்து.